55-இல் பிறந்தவன்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு கம்ப்யூட்டர். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கலாம், அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்துதான் என் முதல் டெத் நைட்டை உண்டாக்கினேன். ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ கணினி விளையாட்டின் ‘ராத் ஆஃப் தி லிச் கிங்’ விரிவாக்கம் 2008 நவம்பரில் வந்தபோது சேர்ந்த வீரர் வகை அது. அப்போதெல்லாம் பெயர் வைத்துப் பொத்தானை அழுத்தினால் ஆள் லெவல் 55. மற்றவர்கள் ஓநாயையும் காட்டுப்பன்றியையும் அடித்து வாரக்கணக்கில் ஏறும் படிகள் இவனுக்குக் கிடையாது.

பின்னால் நின்று பார்த்த பெரியம்மா மகன், “சும்மாவே குடுத்துட்டானா?” என்றான். சும்மா இல்லை. 55-ஐத் தொட்ட இன்னொரு கேரக்டர் கணக்கில் இருந்தால்தான் அப்போது இவனைப் படைக்க முடிந்தது. ஆனால் என்னைச் சொக்க வைத்தது அந்த நிபந்தனை அல்ல.

இத்தனை பெரிய லெவல் ஆளுக்கு முதல் வேலை என்ன தெரியுமா? ஆக்கெரஸ் என்னும் பறக்கும் கோட்டையில், தாங்கியில் செருகிக் கிடக்கும் அடிபட்ட பழைய வாள் ஒன்றை எடுத்து, உலையடிக்குக் கொண்டுபோய், ரூன் என்னும் மந்திரக் குறி பொறித்து வர வேண்டும். கையில் திணிக்காமல் அவனையே எடுக்க வைத்தார்களே, அந்தச் சின்ன நடையில்தான் வாள் அவனுடையதாகிறது.

உடுப்பிலும் அதே நிதானம். தொடக்கத்தில் மேலே கிடப்பது பச்சை எழுத்துச் சாமான். குவெஸ்ட் முடிய முடிய ஒரு தோள்கவசம், ஒரு கையுறை என்று நீல எழுத்தில் ஒவ்வொன்றாக வந்து சேரும். சாம்பல், வெள்ளை, பச்சை, நீலம், ஊதா, ஆரஞ்சு: தரம் ஏறும் இந்த வரிசையை ஆடுகிறவர்கள் தூக்கத்திலும் சொல்வார்கள். பச்சை நீலமாகும் அந்தச் சில மணி நேரம் பாதி உடம்பு பழசு, பாதி புதுசு. ஒரு கை மட்டும் தைத்த தீபாவளிச் சட்டை மாதிரி இருப்பான். திறன் புள்ளிகளைக்கூட மொத்தமாகக் கொட்டாமல் கிள்ளிக் கிள்ளித்தான் கொடுத்தார்கள். குதிரையா? முதலில் பண்ணையில் திருடு. பிறகு நிழலுலகில் ஒரு சவாரிக்காரனை வீழ்த்தி அவன் குதிரையைப் பிடி.

எல்லாவற்றிலும் நுட்பமான இடம் நடுவில் வருகிறது. கைதிகளில் உன் இனத்தான் ஒருவனைக் கொன்றுவிட்டு வா என்கிறார்கள். கிட்டே போனால் அவன் உன்னை அடையாளம் கண்டுகொள்கிறான்! முன்பு நீ யாராக இருந்தாய் என்று நினைத்துப் பார்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறான். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் நான் பெயர் வைத்த பொம்மைக்கு, எனக்கே தெரியாத ஒரு பழைய வாழ்க்கை. அப்போதிருந்த 10 இனங்களுக்கும் தனித்தனிக் கைதி. குள்ளனுக்குக் குள்ளன், ஓர்க்குக்கு ஓர்க். ஒருவன் ஒருமுறை ஆடினால் ஒன்றைத்தான் பார்ப்பான். பார்க்கப்படாமலே போகக்கூடிய ஒன்பதையும் யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

அந்த நாள்களில் அல்சூர் ஏரியருகே எங்கள் வள்ளுவர் சிலை இன்னும் மூடித்தான் கிடந்தது. 1991-இல் வைத்தது, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்கள். நொடியில் 55 ஆனவனை வீட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனால் எனக்குச் சிரிப்பு வரும்.

2014 மார்ச்சில் 60 டாலருக்கு லெவல் 90-ஐயே விற்கத் தொடங்கினார்கள். உடுப்பு, ஆயுதம் எல்லாம் தயார். வேலைக்குப் போகிறவனுக்கு நேரம் ஏது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆளை எந்தக் கைதியும் அடையாளம் கண்டு அழைக்கவில்லை.

என் டெத் நைட், அதுவரை அவனை ஆட்டிவைத்த லிச் கிங்கின் பிடியிலிருந்து விடுபட்டு, அந்த லிச் கிங்கை எதிர்த்த டிரியன் ஃபோர்ட்ரிங்கின் கடிதத்தோடு ஸ்டார்ம்விண்ட் அரசனைப் பார்க்கப் புறப்பட்டான். மேலே நீல உடுப்பு, முதுகில் ரூன் வாள், என்ன மிடுக்கு! நகரத் தெருவில் காலெடுத்து வைத்ததும் சனங்கள் காறித் துப்புகிறார்கள். அழுகின ஆப்பிளும் வாழைப்பழமும் வந்து விழுகின்றன. பெரியம்மா மகன் பதறி, “டேய், ஓடுடா!” என்றான்.

ஓடவில்லை. ஓட்டத்தை நடையாக மாற்றும் பொத்தானைத் தட்டி, அரண்மனை வரைக்கும் மெல்ல நடத்திக்கொண்டு போனேன்.