சுவிட்சுக்குள் ஒரு குட்டி சர்வர்

ஒயரிங் அறையில் யாரும் ஏறிட்டுப் பார்க்காத பெட்டி, நெட்வொர்க் சுவிட்ச். சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 9300 என்றால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்: 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைச் செருக அங்கே இடம் உண்டு. அதில் டாக்கர் கண்டெய்னராக அப்ளிகேஷன்கள் குடியேறுகின்றன.

பாக்கெட்டுகளைக் கடத்தும் வேலையைத் தனிச் சிப் பார்த்துக்கொள்கிறது. அப்ளிகேஷன் ஓடுவது எக்ஸ்86 பிராசஸரில், அளந்து கொடுத்த மெமரிக்குள். அது திணறினாலும் போக்குவரத்து நிற்காது. எத்தனை நேர்த்தியான பாகப்பிரிவினை!

மூன்றாம் மாடியில் நெட் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தால், அந்த மாடியின் சுவிட்சிலேயே தௌசண்ட்ஐஸ் என்ற நெட்வொர்க் கண்காணிப்பு ஏஜென்ட்டை ஓடவிட்டு அங்கிருந்தே சோதிக்கலாம். தனிக் கம்ப்யூட்டர் தேவையில்லை. கனமான டேட்டாபேஸை மட்டும் இதில் ஏற்றாதீர்கள். அதற்கு சர்வர்தான் சரி.