வெட்கப்பட்டேன் என்று எழுதும்மா

நந்தனத்தில் டர்ன்புல்ஸ் சாலை வழியாகப் போய்க் கோட்டூர்புரம் பாலத்தைத் தாண்டினால் அண்ணா பல்கலைக்கழகம் பக்கம்தான். 2024 டிசம்பர் 23 இரவு அந்த வளாகத்தில் ஒரு மாணவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகு, மூன்று வாரம்கூட ஆகவில்லை, சட்டமன்றத்தில் 2025 ஜனவரி 10இல் மசோதா வந்தது, 11இல் நிறைவேறியது. அன்று திருத்தப்பட்டவற்றில் ஒன்று 1998ஆம் ஆண்டின் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம். முதல் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை, மீண்டும் செய்தால் பத்தாண்டு வரை சிறை. எவ்வளவு கடுமை பாருங்கள் என்று பாராட்டியவர்களே அதிகம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1998இல் சென்னையில் ஈவ் டீசிங்கில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு பிறந்த சட்டம் இது. கல்லூரி, கோயில், பஸ் நிறுத்தம், சினிமா தியேட்டர், கடற்கரை, திருவிழா என்று இடங்களைப் பெயர் சொல்லிக் குறித்தது. 'ஈவ் டீசிங்' என்ற விளையாட்டுப் பெயரைப் பின்னால் கழற்றியும் எறிந்தார்கள். இப்போது போனிலும் இணையத்திலும் துரத்துகிறவனுக்கும் அது பாயும். எல்லாம் சரி.

என் சண்டை வரையறையோடு. இந்தச் சட்டப்படி துன்புறுத்தல் என்பது ஓர் ஆணின் அநாகரிகமான நடத்தை. அது பெண்ணுக்கு மிரட்டல், பயம், வெட்கம், சங்கடம் இவற்றை உண்டாக்க வேண்டும், அல்லது உண்டாக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்தப் பட்டியலில் கோபம் இல்லை.

சில வருடம் முன்பு எதிர்வீட்டுப் பெண்ணுடன் ஒரு காவல் நிலையத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸில் பின்னால் நின்றவன் இடுப்பில் கை வைத்திருக்கிறான். இவள் அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். ரைட்டர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினார்.

"வெட்கமும் மனவேதனையும் அடைந்தேன்னு ஒரு வரி போடும்மா. அப்பத்தான் செக்‌ஷன் நிக்கும்."

"வெட்கம்லாம் படலை சார். கோவம்தான் வந்துச்சு. செருப்பைக் கழட்டினேன், அவன் இறங்கி ஓடிட்டான்."

அவர் என்னைப் பார்த்தார், பெரியவர்கள் எடுத்துச் சொல்லுங்கள் என்பதுபோல. அவளும் என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, கை வெச்சது அவன். நான் எதுக்கு வெட்கப்படணும்?"

'உண்டாக்கக்கூடிய' என்று சட்டத்தில் இருக்கிறதே, அவள் வெட்கப்பட்டே ஆக வேண்டும் என்று எங்கே இருக்கிறது என வழக்கறிஞர் நண்பர்கள் கேட்பார்கள். ஏட்டில் அவர்கள் சொல்வது சரி. ஸ்டேஷன் மேஜையில் அந்த நுணுக்கத்தை யார் படிக்கிறார்கள்? அங்கே போய்ச் சேர்வது 'வெட்கம்' என்ற ஒற்றைச் சொல்தான். வெட்கம் வந்து உட்கார்ந்த இடத்தில் அடுத்து என்ன கேள்வி வரும் என்று எந்தப் பெண்ணுக்கும் தெரியும்: அந்நேரத்தில் அங்கே ஏன் போனாய்?

அண்ணா பல்கலைக்கழக வழக்கின் எஃப்.ஐ.ஆர். வெளியில் கசிந்தபோது உயர் நீதிமன்றம் கண்டித்தது கசிவை மட்டுமல்ல, பாதிக்கப்பட்டவள்மீதே பழி போடும் அதன் மொழியையும். பழியும் வெட்கமும் ஒரே பாத்திரத்தில் வெந்தவை. குற்றவாளிக்கு 2025 ஜூனில் ஆயுள் தண்டனை கிடைத்தது, முப்பது ஆண்டுக்குக் குறையாமல் உள்ளே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையுடன். அந்தத் தண்டனைக்குத் திருத்தம் வருவதற்கு முன்பிருந்த சட்டங்களே போதுமாக இருந்தன. பெண் அதிகாரிகள் விசாரித்தார்கள், ஐந்தரை மாதத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

எதிர்ப்பக்கத்துக்குத் தென்காசி வழக்கைச் சொல்லலாம். 1999இல் பேருந்து நிலையத்தில் ஒரு தம்பதியிடம் அத்துமீறியவர் காவலரே. நீதிமன்றத்தில் கணவனும் மனைவியும் பிறழ் சாட்சியானார்கள், அவர் விடுதலை. துறை அவரை நீக்கியது சரிதான் என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லி, பேருந்து நிலையங்களில் சாதாரண உடையில் பெண் போலீஸ், கேமரா என்றெல்லாம் உத்தரவும் போட்டது. அந்தத் தம்பதி ஏன் பின்வாங்கினார்கள் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் கூண்டில் ஏறி வெட்கத்தை நிரூபி என்றால் எத்தனை பேர் ஏறுவார்கள்?

இன்னொன்றும் உண்டு. 1888ஆம் ஆண்டின் சென்னை நகரக் காவல் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. அதன் 75ஆவது பிரிவு பொது இடத்தில் அநாகரிகமாக நடப்பதைத் தண்டிக்கிறது. இதே பெண் நண்பனோடு பெசன்ட் நகர் மணலில் உட்கார்ந்தால், லத்தியைத் தட்டிக்கொண்டு வருகிறவர் கையில் இருப்பதும் அந்த அநாகரிக அளவுகோல்தான். காலையில் அவளுக்குக் காவல், மாலையில் அவள்மேல் வழக்கு. (பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 75 உண்டு. அது பாலியல் தொந்தரவு பற்றியது. பெண் விரும்பாத தொடுதல் என்று செயலைச் சொல்கிறது, அவள் முகம் சிவந்ததா என்று பார்ப்பதில்லை. மாதிரி கையருகே இருந்தும் நம்மவர்கள் கண்ணில் படவில்லை.)

அன்றைக்கு அவள் கடைசியில் அந்த வரியை எழுதினாள், நேரமாகிவிட்டது. எழுதிவிட்டு ஓரத்தில் 'கோபமும்' என்று சேர்த்தாள். புகாரைப் பெற்றதற்குக் கையில் கொடுத்த சி.எஸ்.ஆர். ரசீதுக் காப்பியில் அந்தச் சொல் வரவில்லை.