பாதிவழிக் குத்து

பண்டாரவளையில் ஒரு கராத்தே வகுப்புக்கான ஒரு நிமிட விளம்பர வீடியோவை எடிட் பண்ணுவதைப் பார்ப்பது, எனக்குப் போட்டியைப் பார்ப்பதைவிடச் சுவை. விநாடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் 40 மில்லிவிநாடி. கை போய்ச் சேர்ந்த பிறகு வெட்டினால் குத்து செத்துவிடும். பாதிவழியில் இருக்கும்போதே அடுத்த கோணத்துக்குத் தாவ வேண்டும். மிச்சத்தைக் கண்ணே முடித்துக்கொள்ளும். ஹொங்கொங் படக்காரர்கள் இன்னும் கள்ளர்கள். தூரத்திலிருந்து காட்டிய அடியின் கடைசிச் சில பிரேம்களை, கிட்டத்துக் கோணத்தில் மறுபடி ஓட்டுவார்கள். ஒரே அடி, இரட்டைக் கனம்! ஜாக்கி சான் படங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் பிடிபடும்.

சினிமா ‘டிஷ்யூம்’ மட்டும் வேண்டாம். குத்து நிற்கும் இடத்தில் தடித்த பருத்திச் சட்டையின் கை தானாகவே ‘படக்’ என்று சொடுக்கும். பாட்டை அந்தத் தாளத்துக்கு வெட்டினால் போதும். பண்டாரவளையின் சுமார் 1,200 மீற்றர் உயரத்து மூடுபனி ஷொட்டுக்கு ஷொட் நிறத்தை மாற்றிவிடும், அதைச் சரிக்கட்டுவது தனிப் பாடு.

ஸ்லோ மோஷன் ஒரு தடவை போதும். பலகை உடைப்பையும் குறைக்கலாம். தேயிலைத் தோட்டத்திலிருந்து பிள்ளையை வகுப்பில் சேர்க்க வரும் அப்பா அம்மாவுக்காக, வெள்ளைப் பட்டிக்காரச் சின்னவள் முடிச்சை இறுக்கி நிமிரும் இரண்டு விநாடியை வெட்டாமல் விடுங்கள்.