பூஜ்யம் சொல்வது, மற்ற எண்கள் சொல்லாதது

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு நிரல் முடியும்போது, தன்னை ஓட்டிய நிரலிடம் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகிறது. பூஜ்யம் என்றால் வேலை முடிந்தது. வேறு எந்த எண் வந்தாலும் முடியவில்லை என்று பொருள். திரையில் வரும் பிழைச்செய்தி மனிதர் படிப்பதற்கு. இந்த எக்ஸிட் கோடு இன்னொரு நிரல் படிப்பதற்கு. சி, பைத்தான், கோ என எந்த மொழியில் எழுதினாலும் ஏற்பாடு ஒன்றுதான். அரை நூற்றாண்டாக அது நிலைத்திருப்பதற்கு அதன் எளிமையே காரணம்.

சிக்கல் பூஜ்யத்தைத் தாண்டியதும் தொடங்குகிறது. கட்டளைகளை ஓட்டும் ஷெல்லுக்குக் கிடைப்பது எட்டு பிட். 0 முதல் 255 வரைதான் இடம்; அதைத் தாண்டினால் எண் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தோற்ற சோதனைகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் கோடாகத் தரும் ஒரு சோதனை நிரலை எடுத்துக்கொள்ளுங்கள். சரியாக 256 சோதனைகள் தோற்றால் ஷெல்லுக்குப் போய்ச் சேருவது பூஜ்யம், அதாவது முழு வெற்றி.

இருக்கும் இடத்திலும் ஷெல் தனக்கென்று ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது. கட்டளை கிடைக்காவிட்டால் 127, கிடைத்தும் ஓட்ட முடியாவிட்டால் 126, சிக்னலால் கொல்லப்பட்டால் 128-உடன் சிக்னல் எண். கன்டெய்னர்களோடு வேலை செய்பவர்களுக்கு 137 பழகிப்போன எண்: 128-உடன் 9. பெரும்பாலும் நினைவகம் போதாமல் கெர்னல் கொன்றிருக்கும். ஆனால் ஒரு நிரல் தானாகவே 137 என்று சொல்லி வெளியேறினாலும், எண்ணை மட்டும் பார்க்கும் ஸ்கிரிப்டுக்கு வித்தியாசம் தெரியாது.

காரணங்களுக்குப் பொது எண் கொடுக்கப் பெரிதாக முயன்றது பி.எஸ்.டி.யின் சிஸ்எக்ஸிட்ஸ் பட்டியல். 64 முதல் 78 வரை பதினைந்து எண்கள். எரிக் ஆல்மனின் சென்ட்மெயில் என்ற அஞ்சல் நிரலோடு ஒட்டி வளர்ந்த பட்டியல் என்பதால் அஞ்சலின் தேவைகள் அதில் அப்படியே தெரிகின்றன: 67 என்றால் அப்படி ஒரு பயனர் இல்லை, 68 என்றால் அப்படி ஒரு கணினி இல்லை. படத்தின் அளவை மாற்றும் நிரலுக்கு இவற்றால் என்ன பயன்? எல்லா நிரல்களும் இதைப் பின்பற்றவும் இல்லை. இன்று ஃப்ரீபி.எஸ்.டி.யின் கையேடே இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது.

ஆனாலும் அந்தப் பட்டியலை மொத்தமாக ஒதுக்க எனக்கு மனமில்லை, 75 என்ற ஓர் எண்ணுக்காக. 'இப்போது முடியவில்லை, பிறகு முயன்று பார்' என்று அது சொல்கிறது. அதைக் கண்டால் சென்ட்மெயில் கடிதத்தைத் திருப்பி அனுப்பாமல் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி முயலும். மற்ற எண்கள் என்ன நடந்தது என்று விவரிக்க, இது அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்கிறது. ஓட்டும் நிரலுக்கு வேண்டியதும் அதுதான். இணையத்திலிருந்து தரவை எடுக்கும் கர்ல் 28 என்று முடிந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். மறுபடி முயல்வதா என்று ஸ்கிரிப்ட் உடனே முடிவெடுக்கலாம்.

தோல்வி என்ற சொல்லே பொருந்தாத இடங்களும் உண்டு. தேடிய சொல் கோப்பில் இல்லையென்றால் கிரெப் 1 தருகிறது. உண்மையான கோளாறுக்கு 2. கோப்புகளை ஒப்பிடும் டிஃப்பும் அப்படித்தான். இந்தப் பிரிப்பு நேர்த்தியானது. ஆனால் பிழை வந்தால் நின்றுவிடு என்று ஷெல்லிடம் சொல்லி வைத்தால், 'இல்லை' என்ற நியாயமான பதிலுக்கே ஸ்கிரிப்ட் பாதியில் நின்றுவிடும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு அனுப்பும் பைப். தரவுத்தளத்தை மைஎஸ்க்யூஎல்டம்ப் வழியாக எடுத்து ஜிஜிப்புக்கு அனுப்பும் பேக்கப் வரி பல சர்வர்களில் இருக்கிறது. கடவுச்சொல் மாறியிருந்தால் முதல் நிரல் உடனே தோற்கும். வெறுமையை ஒழுங்காகச் சுருக்கி 20 பைட் கோப்பாக்கி, ஜிஜிப் பூஜ்யம் தரும். ஷெல் பார்ப்பது கடைசி நிரலின் எண்ணை மட்டுமே. இதைத் தடுக்கும் பைப்ஃபெயில் அமைப்பு போசிக்ஸ் தரத்தில் சேர்ந்தது 2024-இல்தான். இன்னமும் அதை நாமேதான் இயக்க வேண்டும்.

நிரல் எழுதுகிறவர்கள் பதினைந்து காரணங்களுக்குப் பதினைந்து எண் தேட வேண்டியதில்லை. காரணத்தைப் பிழைச்செய்தியில் விரிவாக எழுதுங்கள். மறுபடி முயலலாமா, யாராவது வந்து சரிசெய்ய வேண்டுமா என்பதை மட்டும் எண்ணில் பிரித்துக் காட்டுங்கள். எந்த எண்ணுக்கு எது பொருள் என்பதைக் கையேட்டில் மறக்காமல் எழுதுங்கள்.