அவள் குடித்தால் ‘ஏ’

ராமின் ‘தரமணி’ (2017) பார்த்தீர்களா? தணிக்கையில் ‘ஏ’ கொடுத்தார்கள். ஆண் குடித்தால் யு/ஏ, பெண் குடித்தால் மட்டும் ‘ஏ’வா என்று போஸ்டர் அடித்தே கேட்டார் ராம். நியாயமான கேள்வி. நம் ஹீரோக்கள் டாஸ்மாக்கில் உட்கார்ந்து பாடாத பாட்டா? ஓரத்தில் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை போட்டால் பாவம் கழிந்துவிடும்.

ஆண்ட்ரியா பிரமாதம். ஐ.டி. வேலை, தனியாக வளர்க்கும் மகன், சந்தேகப்படுவதையே காதல் என்று நினைக்கிற ஒரு பையன். எல்லாம் நம்ம ஊர்தான். ஒரே குறை, ராம் நடுநடுவே தன் குரலில் வந்து விளக்கவுரை சொல்கிறார். போர்டு நம்மை நம்பவில்லை என்று கோபப்பட்டவர், நம்மை நம்பியிருக்கலாம்.

ஆனால் போர்டை மட்டும் திட்டி என்ன பயன்? 2005-ல் குஷ்பு, திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றி ஒரு பேட்டியில் சொன்னதற்கு இருபதுக்கும் மேல் வழக்குகள் போட்டது போர்டு இல்லை, நாம்தான். உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்து செய்ய 2010 ஆயிற்று. அதுவரை, வேறு விஷயங்களில் கருத்துச் சுதந்திரம் பேசிய பலர் கமுக்கமாக இருந்தார்கள்.

தியேட்டரில் ஆண்ட்ரியா கிளாஸை எடுத்ததும் என் பின்சீட்டிலிருந்து ‘ச்சே!’ என்று ஒரு குரல். கூடவே லேசாக பிராந்தி வாசனை.