தீக்குச்சிக் கணக்கும் செயல்நினைவும்

மேசைமேல் தீக்குச்சிகளால் ரோமன் எண்ணில் ஒரு தப்புக் கணக்கு: மூன்று சமம் மூன்று கூட்டல் மூன்று. ஒரே ஒரு குச்சியை நகர்த்தி இதைச் சரியாக்க வேண்டும். எண்களையே கலைத்துக்கொண்டிருந்தால் விடை சிக்காது. கூட்டல் குறியில் நிற்கும் குச்சியைப் படுக்க வையுங்கள், அது சமக்குறியாகிவிடும். மூன்று சமம் மூன்று சமம் மூன்று!

2005-இல் ரெவர்பெரியும் சக ஆய்வாளர்களும் 'பிரெய்ன்' இதழில் வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்க வைத்தது. இந்தக் கடினமான வகைக் கணக்கை ஆரோக்கியமானவர்களில் 43 சதவீதம் பேரே போட்டார்கள். மூளையின் முன்மடலில் பக்கப்பகுதி பழுதுபட்டவர்களில் 82 சதவீதம் பேர் போட்டுவிட்டார்கள். தகவலை மனதில் ஏந்தியபடியே அதைக் கையாளும் செயல்நினைவுக்கு முக்கியமான இடம் அது. 2012-இல் ஜரோஸ், கோல்ஃப்ளெஷ், வைலி மூவரும் மிதமாகக் குடித்தவர்களுக்குச் சொற்புதிர் கொடுத்தார்கள். தமிழில் சொன்னால் மழை, கண், குடி மூன்றோடும் சேரும் சொல் எது என்பது போன்றது ('நீர்'தான், குடியைச் சேர்த்தது என் குறும்பு). குடித்தவர்களின் செயல்நினைவு சரிந்தது, புதிரில் குடிக்காதவர்களை முந்தியவர்களும் அவர்களே.

இவற்றை வைத்துச் செயல்நினைவு குறைந்தால்தான் பொறி தட்டும் என்று சொல்லிவிடலாமா? எனக்கு உடன்பாடில்லை. தீக்குச்சிக் கணக்கில் தடையாக நிற்பது ஒரு சமன்பாட்டில் ஒரு சமக்குறிதான் இருக்கும் என்ற பழக்கம். அந்தப் பழக்கத்தின் பிடி தளர்ந்தாலே போதும், நினைவில் சுமக்க வேண்டியது அதிகமில்லை. அங்கே பலவீனமே உதவுவதில் வியப்பில்லை. எல்லாப் புதிரும் அப்படி அமைவதில்லை. 2006-இல் ஆஷும் வைலியும் காட்டியபடி, தொடக்கத்தில் முயல வேண்டிய வழிகள் பல இருக்கும் புதிர்களில் செயல்நினைவு கை கொடுக்கிறது. வழிகள் சிலவே உள்ள புதிர்களில் அந்தத் தொடர்பு தெரியவில்லை.

இதைவிடக் கனமான சாட்சி 2018-இல் வந்தது. சுடர்ஸ்கியும் யாஸ்ட்ரெம்ஸ்கியும் பலவகைப் புதிர்களைச் சேர்த்து அளந்தபோது, பொறி தட்டும் திறன் செயல்நினைவோடும் தர்க்கத்திறனோடும் வலுவாக இணைந்தே வந்தது. ஓரிரு வகைப் புதிர்களில் கிடைத்த வியப்பையும் பல வகைகளில் திரும்பத் தெரியும் போக்கையும் எடை போட்டால், தட்டு இரண்டாவதன் பக்கமே சாய்கிறது. 'குறைவே நிறைவு' கட்சி நிலைக்க வேண்டுமானால், தேட வேண்டிய வழிகள் நிறைந்த புதிரிலும் குடித்தவர் முந்துகிறார் என்று காட்டியாக வேண்டும்.