இரு வாசகர் கொண்ட கடிதம்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ஊக்கப்படுத்துதலைக் குறிக்கும் 'பராக்ளேசிஸ்' என்ற சொல், ஒருவரைத் தன்னருகே அழைத்தல் என்னும் பொருளுடைய வினையிலிருந்து பிறந்தது. ஆறுதல், தேற்றுதல், புத்தி சொல்லுதல், வேண்டிக்கொள்ளுதல் ஆகிய யாவும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பதால், தமிழ் வேதாகமம் இடத்துக்கேற்ப வெவ்வேறு சொற்களை ஆள நேர்ந்தது. பர்னபா என்ற பெயருக்கு 'ஆறுதலின் மகன்' என்று அப்போஸ்தலர் நடபடிகள் பொருள் சொல்லும் இடத்தில் நிற்பதும் இச்சொல்லே. அருகிருத்தலே அதன் வேர்ப்பொருள் என்றால், கடல் கடந்து அனுப்பப்பட்ட ஓர் ஊழியருக்கு அருகே இருப்பது எங்ஙனம் என்ற கேள்வி எழுகிறது. சீர்திருத்தத் திருச்சபைகள் கடந்த 300 ஆண்டுகளாக இதற்குக் கண்ட விடை கடிதம். அதன் வளர்ச்சி மிஷன் இதழ். அதன் முதிர்ச்சி மிஷனரி வாழ்க்கை வரலாறு. இம்முறையின் வலிமையும் பழுதும் தொடக்கத்திலேயே ஒருங்கே வெளிப்பட்ட இடம் தரங்கம்பாடி.

டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக் அனுப்பிய சீகன்பால்குவும் புளூட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கியபோது, அவர்களை வரவேற்க அங்கிருந்த டேனிய வணிகக் குழுமத்தின் அதிகாரிகளுக்கு மனமில்லை. 1708-இன் இறுதியில் சீகன்பால்கு ஆளுநர் ஹாசியஸின் ஆணையால் சிறைப்பட்டு ஏறத்தாழ நான்கு மாதங்கள் அடைபட்டிருந்தார். அனுப்பிய அரசனும் அடைத்த ஆளுநரும் ஒரே நாட்டினர் என்ற இந்த விந்தையான நிலையில், அவர் சார்ந்து நிற்க இருந்த வலிய துணை, ஜெர்மனியின் ஹாலே நகரில் பக்திநெறி இயக்கத்தை நடத்திவந்த பிராங்கேயோடும் அவருடைய நண்பர்களோடும் கொண்ட கடிதத் தொடர்பே. கப்பல் காற்றை நம்பிப் போய்வந்த அக்காலத்தில் ஒரு கடிதத்துக்கு மறுமொழி கிடைக்க ஓராண்டுக்கு மேல் ஆகும். ஆயினும் அந்தத் தாமதமான தொடர்பே இலண்டனிலிருந்து அச்சு இயந்திரத்தையும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துருக்களையும் வரவழைத்தது. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியதில் அந்தக் கடிதங்களுக்கும் பங்குண்டு. ஊக்கம் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. தரங்கம்பாடிக் கடிதங்களின் ஆங்கிலப் பெயர்ப்பு 1709-இல் வெளிவந்து, இங்கிலாந்தின் எப்வொர்த் கிராமத்துக் குருமனையில் சுசன்னா வெஸ்லியின் கையை எட்டியது. அவற்றால் தாம் அடைந்த உந்துதலை அவரே எழுதிவைத்திருக்கிறார். அவருடைய மகனே பின்னாளில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லி. சோர்ந்திருந்த ஒருவர் எழுதியது முகமறியாத மற்றொருவரை எழுப்பிவிடும் இந்த ஆற்றலை, இம்முறையைக் குறைகூறும் எவரும் மறுக்க இயலாது.

பழுது தொடங்குவது கடிதத்துக்கு இரண்டாவது வாசகர் ஒருவர் வந்து சேரும்போது. 1710 முதல் இக்கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலேயில் தொடர் அறிக்கைகளாக அச்சிடப்பட்டன. மனம்விட்டுப் பேச நண்பருக்கு எழுதப்பட்ட கடிதம், காணிக்கை தருவோர் படிக்கும் வெளியீடாக மாறியதும், பதிப்பாசிரியரின் கை அதில் விழுந்தது. சச்சரவுகளும், வாசகரை இடறச் செய்யக்கூடும் என்று கருதப்பட்ட பகுதிகளும் வெட்டப்பட்டன. இந்த அளவுகோல் எவ்வளவு குறுகியது என்பதற்கு, தென்னிந்தியத் தெய்வங்களின் வமிசாவளியைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த நூலின் கதையே சான்று. மிஷனரிகள் அனுப்பப்பட்டது புறச்சமயத்தை ஒழிப்பதற்கே ஒழிய, அதன் கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அல்ல என்ற கருத்தோடு பிராங்கே அதனை ஒதுக்கிவிட்டதால், அந்நூல் ஜெர்மான் என்பவரின் பதிப்பாகச் சென்னையில் அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஓர் ஊழியர் தம் மக்களிடம் கற்றதில் கொண்ட மகிழ்ச்சி, அவரைத் தாங்கியவர்களுக்குப் பயனற்றதாகத் தோன்றியது. தாங்குகிறவர் விரும்பும் வெற்றிகளை மட்டுமே ஊழியர் வெற்றியாகக் கருத வேண்டும் என்ற எழுதப்படாத விதி அன்றே உருவாகிவிட்டது எனலாம்.

அதே கடித வழி ஊழியரை நொறுக்கவும் வல்லது. மிஷன் காரியங்களைக் கவனிக்கக் கோபன்ஹேகனில் 1714-இல் அமைக்கப்பட்ட குழுவின் செயலாளரான கிறிஸ்தியான் வெண்ட், அப்போஸ்தலரைப் போல வெறுங்கையோடு சுற்றித் திரிந்து பிரசங்கிப்பதே மிஷனரியின் வேலை என்றும், பள்ளிகளும் கட்டடங்களும் பணத்தை விழுங்கும் இடையூறுகள் என்றும் நம்பியவர். தரங்கம்பாடியின் வெயிலையும் விலைவாசியையும் அறியாத அவருடைய கடுமொழிக் கடிதங்கள், சீகன்பால்குவின் உடல்நலம் குன்றிவந்த காலத்தில் வந்து சேர்ந்தன. மாறாக, கான்டர்பரிப் பேராயர் வில்லியம் வேக் 1719 ஜனவரி 7 அன்று சீகன்பால்குவுக்கும் அவருடைய உடனூழியர் கிரண்ட்லருக்கும் எழுதிய கடிதம், அவர்களுடைய பணியை மிக உயர்த்திப் போற்றியது. சீகன்பால்கு அவ்வாண்டு பிப்ரவரி 23 அன்று, 36-ஆம் வயதில் இறந்தார். பாராட்டு அப்போது நடுக்கடலில் இருந்தது. கிரண்ட்லரும் அடுத்த ஆண்டே காலமானார். கண்டனம் உரிய காலத்தில் வந்து, ஊக்கம் காலங்கடந்து வந்ததைத் தற்செயல் என்று கொள்ளலாம். ஆனால் நெடுந்தொலைவில் இருப்பவரின் தீர்ப்பு, நல்லதாயினும் தீயதாயினும், ஊழியரின் இன்றைய நிலையை அறியாமலே எழுதப்படுகிறது என்பது இம்முறையின் இயல்பிலேயே உள்ள குறை.

வாழ்க்கை வரலாறுகளின் நிலை இன்னும் சிக்கலானது. வட அமெரிக்கப் பழங்குடியினரிடையே ஊழியம் செய்து, 1747-இல் 29 வயதில் காசநோயால் இறந்த டேவிட் பிரெய்னர்டின் நாட்குறிப்பை ஜோனத்தன் எட்வர்ட்ஸ் 1749-இல் தொகுத்து வெளியிட்டார். வில்லியம் கேரியும் ஹென்றி மார்ட்டினும் அந்நூலால் உந்தப்பட்டவர்கள். மார்ட்டின் 1812-இல் துருக்கியின் தோகாத்தில் 31 வயதில் உயிர்விட்டபோது, அவருடைய வாழ்வும் அடுத்த தலைமுறைக்கு அதே வகை நூலாயிற்று. பிரெய்னர்டு மனச்சோர்வுக்கு எளிதில் ஆட்பட்டவர் என்பதையும், தம் உடல் தாங்கும் அளவுக்கு மேல் உழைத்தவர் என்பதையும் எட்வர்ட்ஸ் தம் முன்னுரையிலேயே குறைகளாகச் சுட்டியிருந்தார். எஞ்சியிருக்கும் கையெழுத்துப் பகுதியை அச்சு நூலோடு ஒப்பிட்ட பிற்கால ஆய்வாளர்கள், சோர்வைக் காட்டும் சில இடங்களை எட்வர்ட்ஸ் மென்மைப்படுத்தியதையும் கண்டனர். படித்தவர்களோ முன்னுரையின் எச்சரிக்கையை மறந்து, எரிந்து தீர்வதையே பரிசுத்தத்தின் இலக்கணமாக எடுத்துக்கொண்டனர். ஓய்வெடுக்கவும் மருத்துவரைப் பார்க்கவும் கூசுகிற ஊழியர்கள் இன்றும் உள்ளனர் என்றால், அந்தக் கூச்சத்தை வளர்த்ததில் இவ்வகை நூல்களுக்குப் பங்கில்லை என்று சொல்லிவிட முடியாது.

இந்த மரபு ஏறக்குறைய முற்றிலும் மறந்தவர்கள் மண்ணின் ஊழியர்கள். தமிழரில் முதல் சீர்திருத்தத் திருச்சபைக் குருவாக ஆரோன் 1733-இல் அபிஷேகம் பெற்றார்; அவருக்கு முன்னும் பின்னும் கிராமம் கிராமமாக நடந்து போதித்த உபதேசியார்கள் பலர். அறிக்கைகளில் அவர்கள் 'உதவியாளர்'களாக வருகிறார்களே தவிர, அவர்களுடைய சோர்வை யார் கேட்டார், யார் தேற்றினார் என்பதற்கு இடமே இல்லை. திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனரி சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவரான வி. எஸ். அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் பேசியபோது தொட்டது இந்தக் காயத்தையே. மேலைத் திருச்சபைகள் பொருளையும் உயிரையும் கொடுத்தன என்பதை நன்றியோடு ஒப்புக்கொண்ட அவர், இன்னும் கொடுக்கப்படாதிருப்பது நட்பு என்றார். அவையில் சிலருக்கு அது உறுத்தியது. ஆயினும் 'பராக்ளேசிஸ்' என்ற சொல்லின் வேருக்கு, அன்றுவரை அச்சான அறிக்கைத் தொகுதிகள் பலவற்றைக் காட்டிலும் அருகில் வந்தது அந்த உரைதான்.

இக்காலத் தமிழ் மிஷன் சங்கங்களின் இதழ்களிலும் ஜெபக் கடிதங்களிலும் பழைய மரபின் இரு முகங்களும் தொடர்கின்றன. பெயர் சொல்லி, ஊர் சொல்லி, ஊழியரின் பிள்ளைகளுடைய காய்ச்சலையும் பள்ளிக் கட்டணத்தையும் குறிப்பிட்டு 'ஜெபத்தில் தாங்குங்கள்' என்று எழுதும் பக்கம், எளியவர்களைத் தொலைதூரப் பணித்தளத்தோடு இணைக்கும் அரிய பாலம். இதனை இழப்பது பேரிழப்பாகும். மறுபக்கத்தில், ஞானஸ்நானம் பெற்றோரின் எண்ணிக்கையும் கட்டி முடித்த ஆலயத்தின் படமும் முன்னால் நிற்க, தோல்வியானது 'பல போராட்டங்களின் மத்தியிலும்' என்ற ஒரே தொடருக்குள் சுருங்கிவிடுகிறது. பவுல் தாம் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போன நிலையைக் கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தில் மறைக்காமல் சொன்னார். ஓர் இதழாசிரியர் கையில் அந்நிருபம் இன்று கிடைத்தால் அப்பகுதி தப்புமா என்பது ஐயமே. ரசீதுப் புத்தகமும் புகைப்படக் கருவியும் இல்லாமல் ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை பணித்தளத்துக்குச் சென்று, ஊழியர் குடும்பத்தோடு இரண்டு நாள் தங்கி வருவதற்கான செலவை எந்தச் சங்கமும் ஒதுக்க இயலும். அந்தப் பயணத்தைப் பற்றி இதழில் ஒரு வரியும் எழுதாமலிருப்பதுதான் அவற்றுக்குக் கடினம்.